ஏஜெண்ட் கூப்பிடும்வரை பார்த்த பம்பாய்

செம்பூர் ஸ்டேஷன் படி இறங்கும்போது போன வாரம் என் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. கீழேயே ஒருவர் கறுப்புக் குடைக்கு அடியில் கடை போட்டிருந்தார். தைக்க வேண்டாம், ஒட்டினாலே நிற்கும் என்று சொல்லி டப்பாவைத் திறந்து, சொல்யூஷனை விரலால் வழித்துத் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் பரபரக்க ஆரம்பித்தது. இடத்தைக் காலி பண்ணு, ஆட்கள் வேலைக்கு வரப்போகிறார்கள் என்று யாரோ பிடரியில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. ஒற்றைச் செருப்போடு எங்கே போவது? கொக்கு மாதிரி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

பம்பாய் என்றால் பலருக்கும் கடல் வாசனை ஞாபகம் வரும். எனக்கு இந்தத் தோல் ஒட்டும் பசைதான். நானும் எஸ்தரும் முதன்முதலாக இந்த ஊருக்கு வந்து இறங்கியது தாராவியில், என் சகலை வீட்டில். எஸ்தர் என் மனைவி. அவளுடைய அக்காவைக் கட்டியவர்தான் சகலை. வீடு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கீழே ஒரு அறை, அதற்கு மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒரு பரண். பரணை அங்கே மாளா என்பார்கள். நிமிர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். ராத்திரிக்கு அது வீடு, பகலில் தோல் பர்சு தைக்கிற பட்டறை. காலை எட்டு மணிக்குத் தையல்காரர்கள் வந்துவிட்டால் கீழே மெஷின்கள் ஓடும், மாளாவில் வெட்டிய தோல் அடுக்கப்படும், எஸ்தரின் அக்கா, எனக்கு மதினி, வாசலில் உட்கார்ந்து பர்சுகளின் ஓரத்துக்கு மை தடவுவாள். பொழுது சாய்ந்து மெஷின் நிற்கும்வரை விருந்தாளிக்கு அங்கே கால் வைக்க இடம் கிடையாது.

சகலை நல்ல மனுஷன். ஆனால் மறைத்துப் பேசத் தெரியாது. முதல் நாள் காலை காப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"தம்பி, பம்பாய் பாக்க வந்தவங்களுக்கு வீட்டுக்குள்ள என்ன சோலி? ரெண்டு பேரும் கெளம்புங்க. கேட்வே பாருங்க, கடலப் பாருங்க. சாயங்காலம் வாங்க."

நாங்கள் பம்பாய் பார்க்க வரவில்லை. நான் துபாய் போக வந்திருந்தேன். செம்பூரில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் கிடந்தது. கம்பெனி ஆள் ஒருவன் வந்து இன்டர்வியூ வைப்பான், கம்பி கட்டச் சொல்லிப் பார்ப்பான், தேறினால் விசா. அவன் என்றைக்கு வருவான் என்பது ஏஜெண்டுக்கும் தெரியாது.

எஸ்தர் ஏன் கூட வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். வேலைக்குப் போகிறவனை ஊர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்புவதுதானே வழக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதற்கப்புறம் கொச்சியில் மீன் ஏற்றி, திருப்பூரில் பனியன் மடித்து, திருவனந்தபுரத்தில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டி, எங்கேயும் வேரூன்றாமல் திரிந்தவன். முன்பு ஒரு தடவை இதே பம்பாய்க்கு டிக்கெட் எடுத்து, குண்டக்கல்லில் டீ குடிக்க இறங்கி, அந்த ஊர் பிடித்துப்போய் ஒரு பேக்கரியில் ஆறு மாசம் இருந்துவிட்டேன். இந்தக் கதை பெண் வீட்டுக்கு யார் மூலமோ போயிருந்தது.

"நீங்க பிளைட்டு ஏறுறதக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் ஊருக்குத் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டாள் எஸ்தர். "நடுவுல எந்த ஸ்டேஷன்ல டீ நல்லாருக்குன்னு எறங்குவீயளோ, யாருக்குத் தெரியும்?"

ஆக, காவலுக்கு வந்தவளும் கைதியும் சேர்ந்து சுற்றுலா கிளம்பினோம். காலையில் வெளியே வந்ததும் முதல் வேலை, முக்கில் இருந்த மஞ்சள் பெட்டி டெலிபோன் பூத்தில் ஏஜெண்டைக் கூப்பிடுவது. அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "நாளைக்கு வாரான்வே, நாளைக்கு. போன வையும்" என்பார். அத்தோடு அன்றைய பகல் முழுவதும் எங்கள் தலையில் விழுந்துவிடும்.

சயானில் ரயில் ஏறி வி.டி. ஸ்டேஷன் போய், அங்கிருந்து நடந்தே கேட்வேக்குப் போனோம். மே மாதம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் கேட்வேயில் கழுத்தில் கேமராவும் கையில் மாதிரிப் படங்களுமாகப் போட்டோக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஒருவன் எங்களைப் பிடித்து நிறுத்தினான். நான் ஒரு பக்கம் நின்றேன், அவள் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு தள்ளுவண்டியே போகலாம். அவன் கேமராவை இறக்கிவிட்டு இந்தியில் கேட்டான், "என்னப்பா, அண்ணன் தங்கச்சியா?"

எஸ்தருக்கு இந்தி தெரியாது. "என்ன சொல்லுதான்?" என்றாள். நான் சொன்னேன். அவள் முகம் சிவந்து, ஒரே எட்டில் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் எனக்குத்தான் கூச்சம் வந்து நகர்ந்துவிட்டேன். படத்தில் நான் பாதிதான் இருக்கிறேன்.

அங்கிருந்து எலிபெண்டா தீவுக்குப் போட் போகும். எஸ்தர் ஆசைப்பட்டாள். நான் மறுத்துவிட்டேன். தண்ணீர் நடுவில் இருக்கும்போது ஏஜெண்ட் கூப்பிட்டால்? "அவரு எங்க கூப்பிடுவாரு, போட்டுக்கா?" என்றாள். வாஸ்தவம்தான். எங்களிடம் போன் எது? ஆனாலும் கரையை விட்டுப் போனால் துபாய் கை நழுவிப் போகும் என்று ஒரு பயம். என் சட்டைப் பையில் கம்பி கட்டுகிற கொக்கி எப்போதும் இருந்தது, கூடவே கொஞ்சம் கட்டுக்கம்பி. கை சும்மா இருக்காது. கேட்வே கைப்பிடியிலும், மெரின் டிரைவ் ஓரத்துக் கம்பியிலும், ராணி பாக் மிருகக்காட்சிசாலை வேலியிலும் நான் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். காவல்காரர் ஒருவர் விரட்டியும் இருக்கிறார்.

ராணி பாக்கில் எஸ்தருக்கு நீர்யானையை விட்டு வர மனசில்லை. மற்றவர்கள் புலியைத் தேடி ஓடினார்கள். இவள் சேற்றுத் தண்ணீரில் கிடந்த அந்தப் பெரிய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுல என்னளா இருக்கு?"

"ஒரே எடத்துல நிக்குதுல்ல. நீங்களும் செத்த நேரம் அதப் பாருங்க."

பம்பாய் சுற்றிப் பார்க்கும் பெண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியது கேட்வேயும் இல்லை, ராணி பாக்கும் இல்லை. கக்கூஸ் எங்கே இருக்கிறது என்பதுதான். ஆண்பிள்ளைகளுக்கு ஊரே திறந்து கிடக்கும். முதல் இரண்டு நாளும் எஸ்தர் தண்ணீரே குடிக்கவில்லை. எனக்கு அது தெரியவுமில்லை. மூன்றாம் நாள் வெயிலில் தலை சுற்றி மாட்டுங்கா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். அதிலிருந்து அவள் வேறு மாதிரிப் போகத் தொடங்கினாள். வி.டி.யில் பெண்கள் வெயிட்டிங் ரூம், பைகுல்லாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம், மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். இவற்றைக் கோடு இழுத்துச் சேர்த்தால் வருவதுதான் அவளுடைய பம்பாய். பாஷை தெரியாமலே கண்ணாலும் கையாலும் கேட்டு வழி கண்டுபிடித்துவிடுவாள். சீக்கிரமே நான் அவள் பின்னால் போக ஆரம்பித்தேன். இத்தனை ஊர் சுற்றியவன் நான்.

மாட்டுங்காவில் மத்தியானம் டிபன் சாப்பிடுவோம். வாழைப்பூவும் மல்லிகையும் விற்கும் சந்தைத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். கூட்டத்தில் மேஜையைப் பகிர்ந்துதான் உட்கார வேண்டும். ஒருநாள் எதிரில் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட, ஆபீஸ் ரிடையரான பெரியவர் ஒருவர். பாலக்காட்டுப் பக்கத்துப் பேச்சு.

"எங்கேர்ந்து வரேள்?"

"திருநெல்வேலி பக்கம் சார். சுத்திப் பாக்க வந்தோம்."

"பேஷ். எலிபெண்டா போனேளோ?"

"இல்ல சார். நல்லாருக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? நாப்பது வருஷமா இங்கே இருக்கேன், அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை" என்று சொல்லி ரசவடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எஸ்தரைப் பார்த்து, "ஊர்ல இருக்கறவாளுக்கு ஊரைப் பாக்க ஒழியுமோ, நீயே சொல்லு" என்றார். எஸ்தருக்கு அடக்க முடியாத சிரிப்பு. வெளியே வந்தும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஆனால் அங்கே என் அப்பா, அம்மா, தங்கச்சி, வருகிற போகிற சொந்தம். எனக்கும் அவளுக்கும் இடையில் எப்போதும் யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். இங்கே யாரும் இல்லை. எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சாயங்காலம் வரை எங்காவது இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. காலையில் பூத்துக்குப் போகும்போது முதலில் அவள்தான் என்னை முடுக்குவாள். அப்புறம் அப்புறம், "டீ குடிச்சிட்டுப் போன் பண்ணுவோமே" என்று சொல்ல ஆரம்பித்தாள். "நாளைக்கு வாரான்" என்று ஏஜெண்ட் சொன்னதை நான் வந்து சொன்னதும் அவள் முகத்தைப் பார்ப்பேன். வருத்தப்படுகிற மாதிரி இருக்கும். ஆனால் உடனே, "அப்ப இன்னைக்கு எங்க?" என்பாள். நானும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ராத்திரி மாளாவில் தகரச் சூட்டில் புரண்டு படுத்துக்கொண்டு, போனால் போதும், இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் வேறு குரலில் பேசினார். "நாளைக்கு மூணு மணிக்கு ஆபீசுக்கு வாரும். அஞ்சு மணிவரைக்கும்தான் கம்பெனி ஆளு இருப்பான். அப்புறம் ஏர்போர்ட்டு போயிருவான்."

சாயங்காலம் வீட்டில் சொன்னதும் மதினி மை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"புதங்கெழமையா? கர்த்தர் சித்தத்தப் பாரு! மாகிம் கோயில்ல நவநாள். மெழுகு வச்சிட்டுப் போங்க. மாகிம்ல கால் வைக்காம நம்ம ஊருக்காரன் எவன் பிளைட்டு ஏறிருக்கான்?"

அது உண்மைதான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது எழுதாத சட்டம். எந்த சபைக்காரனாக இருந்தாலும் பம்பாயில் அந்த மாதாவிடம் போய்விடுவான். வாசலில் மெழுகு உருவங்கள் விற்பார்கள். கால் நோவுக்குக் கால், பிள்ளை வரத்துக்குப் பிள்ளை, வெளிநாட்டுக்கு விமானம். வேண்டியதை வாங்கி உள்ளே வைத்துவிட வேண்டும்.

"மத்தியானமே போயிட்டா ரெண்டு மணிக்கு வெளிய வந்துரலாம்" என்றார் சகலை. அவரும் பல வருஷமாக மாகிம் பக்கம் போனதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

வரிசை கோயில் மதிலைச் சுற்றி, ரோட்டைத் தொட்டு, ஒரு பெட்ரோல் பங்க் வரை நின்றது. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம், குஜராத்தி, மராட்டி, எல்லோரும். எஸ்தர் என்னைப் பூமாலை வாங்க அனுப்பிவிட்டு, மெழுகுக் கடைக்காரியிடம் அவளே போனாள். நான் மாலையோடு திரும்பியபோது காகிதத்தில் சுற்றிய எதையோ முந்தானைக்குள் வைத்துப் பிடித்திருந்தாள்.

"றெக்கை ஒடஞ்சிராம புடி" என்றேன்.

"ம்" என்றாள்.

வரிசை அட்டை மாதிரி ஊர்ந்தது. இரண்டு மணி. எங்களுக்கு முன்னால் இன்னும் மதில் வளைவே வரவில்லை. நான் நுனிக்காலில் எம்பிப் பார்ப்பேன், வெளியே போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன். பின்னால் நின்ற தூத்துக்குடிக்காரர் பொறுமை இழந்து, "அண்ணாச்சி, நீரு நிக்கீரா நடக்கீரா? எனக்குக் கண்ணக் கட்டுது" என்றார்.

மாகிமிலிருந்து செம்பூர் பக்கத்தில் இல்லை. தாதர் போய், குர்லா போய், வண்டி மாற வேண்டும். மூன்று மணி தாண்டியதும் எனக்கு வியர்வை வேறு மாதிரி வழிந்தது.

"எஸ்தர், நேரம் ஆவுது. கெளம்புவோம்."

"வச்சிட்டுப் போவோமே. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"அஞ்சு மணிக்கு அவன் போயிருவான்ளா!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. "அப்ப நீங்க போங்க. நான் இத வச்சிட்டு வந்துருவேன். எனக்கு வழி தெரியும்."

நான் போனேன். வரிசையை விட்டு வெளியே வந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, ரோட்டைக் கடந்து ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அதுவரை என்னைப் போக விட்டவர்கள் யாரும் இல்லை. அப்பா, வாத்தியார், மேஸ்திரி, பேக்கரி முதலாளி, எல்லோரும் போகாதே என்றுதான் சொன்னார்கள். பிடித்து வைக்க வைக்க, அறுத்துக்கொண்டு ஓடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. போ, எனக்கு வழி தெரியும் என்று ஒருத்தி சொன்னால் எப்படி ஓடுவது? டிக்கெட் ஜன்னல் வரை போய்விட்டேன். முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். என் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "கஹாங்?" என்றார். எங்கே என்று கேட்கிறார். நான் பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அவள் மதில் வளைவைத் தாண்டியிருந்தாள். நான் வரிசைக்குள் நுழைந்ததும் நாலு பாஷையில் சத்தம் எழுந்தது. தூத்துக்குடிக்காரர்தான் உரக்கக் கத்தினார், "வந்துட்டாருய்யா, திரும்ப வந்துட்டாரு!"

எஸ்தர் ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள். "எங்க வீட்டுக்காரரு. எங்கூட நிக்காவ" என்று எல்லோருக்கும் தமிழிலேயே சொன்னாள். எல்லோருக்கும் புரிந்தது.

அப்புறம் நான் வெளியே போகவில்லை. மணியும் பார்க்கவில்லை. உள்ளே மாதாவின் முன்னால் போய் நின்று, அவள் காகிதத்தைப் பிரித்தாள். விமானம் இல்லை. வீடு. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் வைத்த சின்ன மெழுகு வீடு. அவள் கைச்சூட்டில் கூரையின் ஒரு மூலை தொங்கிப்போயிருந்தது. பெருவிரலால் அதைத் தூக்கி நேராக்கி, மற்ற மெழுகுக் கால்களுக்கும் கைகளுக்கும் நடுவில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மாலையைக் கொடுத்தேன்.

செம்பூர் போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். ஏஜெண்ட் ஆபீஸ் படிக்கட்டில் தேறியவர்கள் சிரித்துக்கொண்டும் தேறாதவர்கள் பீடி பிடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"கம்பெனி ஆளு அப்பவே போயிட்டான். உம்ம எடத்துல ஒரு தென்காசிக்காரன் போறான்" என்றார் ஏஜெண்ட். "எங்கவே போய்த் தொலஞ்சீரு?"

"கோயிலுக்கு."

"எதுக்கு?"

"இன்டர்வியூ நல்லபடியா நடக்கணும்னு."

அந்த ஆபீசில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்தது. தேறாதவர்கள்கூடச் சிரித்தார்கள். ஏஜெண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். எஸ்தர் எனக்கு முன்னால் படி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும், "பசிக்கு" என்றாள். நின்றபடியே வடாபாவ் தின்றோம்.

ஊருக்குத் திரும்பவில்லை. எந்த முகத்தோடு போவது? மறுநாளே சகலை என்னைத் தோல் மூட்டை ஏற்றச் சேர்த்துவிட்டார். அப்புறம் அம்பர்நாத்தில் ஒரு பாக்டரி கேண்டீன், மாட்டுங்காவில் கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் தூக்குவது, மறுபடி கம்பி கட்டு. வேலை மாறிக்கொண்டேதான் இருந்தது. கால் புத்தி லேசில் போகுமா? ஆனால் எங்கே போனாலும் பொழுது சாய்ந்தால் ரயில் பிடித்துவிடுவேன். செம்பூருக்கு அப்பால் சீத்தா கேம்ப்பில் தகரம் போட்ட ஒரு அறை கிடைத்தது. பிறகு அதற்குச் சுவர் வந்தது. மகள் பிறந்தாள். எலிபெண்டாவுக்கு இன்றுவரை நாங்கள் போகவில்லை. எங்களுக்கும் ஒழியவில்லை.

போன மாதம் மருமகன் கத்தாருக்குப் போனான். இன்டர்வியூவை எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தே போனில் முடித்துவிட்டான். மேலே சட்டை, கீழே அரை டிரவுசர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் கிணுங்கியது. "மாமா, விசா வந்துட்டு" என்றான். எண்ணெய்க் கையாலேயே டிக்கெட்டையும் பார்த்துவிட்டான். மூன்றாம் நாள் பறந்துவிட்டான். அந்த ஏஜெண்ட் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். தாராவிச் சந்துகளில் எல்லாம் இடித்துக் கட்டுவதற்காகக் கதவுகளின் மேல் சர்வே நம்பர் எழுதியாயிற்று, சகலை கதவிலும் ஒன்று இருக்கிறது. மஞ்சள் பெட்டி பூத்துகள் போன இடம் தெரியவில்லை. கட்டடமும் பூத்தும் போனதைப் பற்றி நான் பெரிதாக வருத்தப்படுகிறவன் இல்லை. ஆனால் நாளைக்கு, நாளைக்கு என்று கேட்டுக்கொண்டு, ஊரிலிருந்து வந்த ஆட்கள் பகலெல்லாம் இந்த ஊர்த் தெருக்களில் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்களே, அவர்களை இப்போது எங்கேயும் பார்க்க முடிவதில்லை. காத்திருக்க யாருக்கும் நாள் கொடுப்பதில்லை.

மருமகன் போன மறுநாள், சும்மா பேச்சு வாக்கில், மகள் அம்மாவைக் கேட்டாள். "அரே, எதுக்கும்மா நீ பம்பாய் வரைக்கும் கூட வந்த? டைம்பாஸா?"

"ஒங்க அப்பாவ வழியனுப்ப வந்தேன்" என்றாள் எஸ்தர், கீரையை ஆய்ந்துகொண்டே. "இன்னும் அனுப்பி முடியல."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பான் போல. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "விசா வந்த மூணு நாள்ல ரெண்டு நாளு பேக்கிங்லயே போச்சும்மா. ரெண்டு பேரும் எங்கயும் போகல" என்றாள்.

எஸ்தர் கீரையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.